ஊர்க் கண்மாயைக் கண்காணிக்க எந்தச் செயற்கைக்கோள் படம்? ஒரு ஒப்பீடு

கண்மாயைச் செயற்கைக்கோள் படம் வைத்துக் கண்காணிக்கலாம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எதுல படம் ரொம்பத் தெளிவா இருக்கும்?" என்பதுதான். தமிழ்நாட்டுக் கண்மாய்க்கு அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. தண்ணீர் வரும் மாதத்தில் அந்தச் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியுமா? அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் நம் கண்மாய்கள் நிறைகின்றன, அதே மூன்று மாதம்தான் வானமும் மூடிக் கிடக்கிறது. எவ்வளவு தெளிவான கேமராவாக இருந்தாலும் மேகத்துக்கு மேலே இருந்து எடுத்தால் மேகம்தான் விழும்.

பொதுவாகப் பேசினால் எல்லாமே நல்லது என்று முடிந்துவிடும், அதனால் ஒரே ஒரு தேவையை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறேன். சிவகங்கை, ராமநாதபுரம், மதுரைப் பக்கம் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய, நிறைந்தால் 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர் தண்ணீர் பரவும் ஒரு கண்மாய். உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதியில், பாதி சீமைக்கருவேலம். ஒரு ஓரத்தில் வயல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்கிறதோ என்று சந்தேகம். நிறைந்தபின் உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு கடைசியாக எந்த வருடம் மறுகால் போனது என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி. கையில் ஒரு லேப்டாப், இன்டர்நெட், ஆர்வமுள்ள இரண்டு மூன்று பேர், பணம் என்று பெரிதாக இல்லை. தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் என்று 39,000க்கும் மேல் கணக்கில் இருக்கின்றன. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்று பொறுப்பு பிரிகிறது, ஆனால் அத்தனையையும் மாதாமாதம் ஆள் விட்டுப் பார்ப்பது எந்தத் துறைக்கும் ஆகிற காரியமில்லை, அதனால்தான் தொலையுணர்வு என்ற பேச்சே வருகிறது.

தொலையுணர்வில் பெரிய மந்திரம் ஒன்றும் கிடையாது. ஒரு பொருள் தன் மேல் விழும் ஒளியில் எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று மேலிருந்து அளக்கிறோம், அவ்வளவுதான். பசுமையான இலை நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை அள்ளி வீசும், தண்ணீர் அதைக் கிட்டத்தட்ட முழுக்க விழுங்கிவிடும். இந்தியாவில் இந்தத் துறை தொடங்கியதே தென்னையில்தான். 1970 வாக்கில் விஞ்ஞானி பிஷாரடி தலைமையில் கேரளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் பிலிமில் தென்னந்தோப்புகளைப் படம் எடுத்து வேர்வாடல் நோய் தாக்கிய மரங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். அப்போது நமக்கென்று ஒரு செயற்கைக்கோள்கூடக் கிடையாது.

பிக்சலை சென்ட் கணக்கில் சொன்னால்

படத்தின் ஒரு பிக்சல், அதாவது ஒரு கட்டம், தரையில் 30 மீட்டர், 10 மீட்டர் என்று சொன்னால் பலருக்கும் மனதில் நிற்காது. நிலக் கணக்கில் சொல்லிவிடுகிறேன். நாசாவின் மோடிஸ் படத்தின் ஒரு பிக்சல் 250 மீட்டர், அதாவது பதினைந்தரை ஏக்கர் போல. நம் கண்மாய் மொத்தமே அதில் ஆறேழு கட்டம், தினம் ஒரு படம் கிடைத்து என்ன பிரயோஜனம், அதை இங்கேயே விட்டுவிடலாம். அமெரிக்காவின் லேண்ட்சாட் பிக்சல் 30 மீட்டர், அது 22 சென்ட். நம் நாட்டு லிஸ்-3 கேமரா 23.5 மீட்டர், பதிமூன்றரை சென்ட் வரும். சென்டினல்-2 பத்து மீட்டர், இரண்டரை சென்ட். லிஸ்-4 கேமரா 5.8 மீட்டர், ஒரு சென்ட்டுக்கும் குறைவு. பிளானட் நிறுவனத்தின் படம் சுமார் 3 மீட்டர், அதாவது நூறு சதுர அடிக்குப் பக்கம். ட்ரோன் என்றால் சென்டிமீட்டர் கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது கரையோரம். பாதி தண்ணீர் பாதி தரை என்று இருக்கிற பிக்சலை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில்தான் கணக்குத் தப்பும். 40 ஹெக்டேர் கண்மாயைச் சதுரமாக வைத்துக்கொண்டால் சுற்றளவு சுமார் இரண்டரை கிலோமீட்டர். லேண்ட்சாட்டில் அந்தக் கோட்டின் மேல் 84 பிக்சல் உட்காரும், பரப்பில் ஏழரை ஹெக்டேர், அதாவது மொத்தக் கண்மாயில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இழுபறியில் நிற்கிறது. சென்டினல்-2இல் அதே இழுபறி இரண்டரை ஹெக்டேராகக் குறைந்துவிடும். நிஜக் கண்மாய் சதுரமாக இருப்பதில்லை, உள்வாய் விரல் விரலாக நீண்டிருக்கும், அதனால் உண்மையில் இதைவிட மோசமாகவே வரும். புழல் மாதிரி சதுர கிலோமீட்டர் கணக்கில் பரந்த ஏரிக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. 2019 கோடையில் சென்னை வறண்டபோது புழல் ஏரியின் முன்-பின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றினவே, அவை அதிகத் துல்லியப் படங்கள், பார்க்கப் பதைபதைப்பாகத்தான் இருந்தன. ஆனால் ஏரி வற்றிய செய்தி இலவச லேண்ட்சாட்டிலும் பளிச்சென்று தெரியும்.

லேண்ட்சாட்டா, சென்டினல்-2ஆ?

இந்த இரண்டும் இலவசம், இரண்டும் காலை பத்து, பத்தரை மணி வாக்கில் நம் தலைக்கு மேலே போகின்றன, இரண்டிலும் தண்ணீரைப் பிரிக்கத் தேவையான பேண்டுகள், அதாவது தனித்தனி அலைநீளப் பட்டைகள், இருக்கின்றன. அப்புறம் ஏன் ஒப்பீடு என்றால், ஒன்று பழையதைச் சொல்லும், மற்றது இன்றைய நிலையைச் சொல்லும்.

லேண்ட்சாட் 1972இல் தொடங்கியது. 30 மீட்டர் படங்கள் 1982க்குப் பிறகு, அதிலும் 1984இல் ஏவிய லேண்ட்சாட்-5 ஏறக்குறைய முப்பது வருடம் உழைத்தது. 2008 முதல் மொத்தச் சேமிப்பையும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். "எங்க அப்பா காலத்துல இந்தக் கண்மாய் எவ்வளவு நிக்கும் தெரியுமா" என்ற பேச்சுக்குச் சாட்சி வேண்டுமென்றால் இதைவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் ஓட்டைகள் உண்டு. 1999க்கு முந்தைய சில வருடங்களுக்கு நம் பகுதியில் கிடைக்கும் படம் சொற்பம். லேண்ட்சாட்-7இல் 2003 மே மாதக் கடைசியில் ஒரு பாகம் பழுதாகி, அன்று முதல் ஒவ்வொரு படத்திலும் கறுப்புக் கோடுகள், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தரவு காணாமல் போனது. லேண்ட்சாட்-5 2011 நவம்பரில் படம் எடுப்பதை நிறுத்த, லேண்ட்சாட்-8 2013 பிப்ரவரியில்தான் மேலே போக, நடுவில் 2012 முழுக்கக் கோடு போட்ட படம் மட்டும்தான். நம் ஊருக்கு 2012 பருவமழை சரியில்லாத வருடம், பார்க்க ஆசைப்படுகிற வருடமும் அதுதான், என்ன செய்ய. கோடு விழாத பகுதியில் உங்கள் கண்மாய் அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

சென்டினல்-2 ஐரோப்பிய விண்வெளி முகமையுடையது, 2015 ஜூனில் முதல் செயற்கைக்கோள், 2017 மார்ச்சில் இரண்டாவது. இரண்டு செயற்கைக்கோள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். லேண்ட்சாட்-8, 9 இரண்டையும் சேர்த்தாலும் எட்டு நாள். ஐந்துக்கும் எட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் மழை மாதத்தில் மேகம் விலகும் ஒரு நாளைப் பிடிக்க வேண்டுமென்றால் மாதத்துக்கு ஆறு வாய்ப்பு இருப்பது நாலை விட எவ்வளவோ மேல். 2017க்குப் பிந்தைய எந்தக் கேள்விக்கும் என் கை முதலில் சென்டினல்-2 பக்கம்தான் போகும்.

தண்ணீரைப் பிரிக்கும் சூத்திரம் எளிது. பச்சை பேண்டிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்.டி.டபிள்யூ.ஐ. என்ற எண் கிடைக்கும், பூச்சியத்துக்கு மேலே இருந்தால் தண்ணீர் என்பார்கள். ஜனவரியில் தெளிந்த கண்மாயில் பச்சை 0.08 (விழுந்த ஒளியில் எட்டு சதவீதம் திரும்பி வருகிறது), அகச்சிவப்பு 0.03 என்று வைத்துக்கொண்டால் விடை 0.45, சந்தேகமே இல்லாமல் தண்ணீர். அதே கண்மாயில் அக்டோபரில் வரத்துக்கால் வழியாகச் செந்தண்ணீர் இறங்கிய வாரம், மண் கலங்கலால் பச்சை 0.12, அகச்சிவப்பு 0.13 என்று இருந்தால் விடை மைனஸ். கண் முன்னால் தண்ணீர் நிற்கும், சூத்திரம் தரை என்று சொல்லும். இதற்குத்தான் அகச்சிவப்புக்குப் பதிலாகக் குற்றலை அகச்சிவப்பைப் போடும் எம்.என்.டி.டபிள்யூ.ஐ. இருக்கிறது. கலங்கல் தண்ணீர்கூட அந்த அலையை விழுங்கிவிடும், அது 0.02 என்றால் விடை 0.7க்கு மேல் ஏறிவிடும். விலை என்னவென்றால், சென்டினல்-2இல் அந்த பேண்ட் 20 மீட்டர்தான், இரண்டரை சென்ட் பிக்சல் பத்து சென்ட் ஆகிவிடுகிறது. செந்தண்ணீர் மாதங்களில் நான் கூர்மையை விட்டுக்கொடுத்துவிடுவேன்.

இன்னொரு சின்ன விஷயம், இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 தரவில் எல்லா எண்களோடும் 1000 கூட்டித் தருகிறார்கள். அதைக் கழிக்காமல் பழைய வருடங்களோடு ஒப்பிட்டால் 2022இல் கண்மாய் திடீரென்று மாறியதாகக் கோடு வரும். படங்களை இறக்காமல் இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' என்று பெயர் கொண்ட தொகுப்பை எடுத்தால் அவர்களே சரிசெய்து வைத்திருப்பார்கள். லேண்ட்சாட்டிலும் இப்படிப் பெருக்கிக் கழிக்கும் எண்கள் உண்டு, பாடமாகத் தெரியாவிட்டாலும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மேக நிழலும் அப்படித்தான். நிழல் விழுந்த பொட்டல் இருட்டாக இருப்பதால் சூத்திரம் அதைத் தண்ணீர் என்று எண்ணிவிடும். கண்மாய்க்கு வெளியே மேட்டுக் காட்டில் திடீர்க் குளம் முளைத்தால் பக்கத்தில் மேகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மழைக்காலத்துக்கு ரேடார்

ரேடார் செயற்கைக்கோள் சூரிய ஒளிக்குக் காத்திருப்பதில்லை. தானே ஒரு நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். மேகம் தடையில்லை, இரவும் தடையில்லை. இலவசமாகக் கிடைப்பதில் முதன்மையானது சென்டினல்-1. 2014 ஏப்ரலில் ஏவியது, அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர் போல. ஒரு செயற்கைக்கோளின் சுழற்சி 12 நாள். 2016இல் போன இரண்டாவது செயற்கைக்கோள் 2021 டிசம்பரில் செயலிழந்தது, அதற்கு மாற்று 2024 டிசம்பரில்தான் போனது, அதனால் இடைப்பட்ட காலத்தில் படங்களின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும்.

அசையாத தண்ணீர் ரேடாருக்கு ஒரு கண்ணாடி. சாய்வாக டார்ச் அடித்தால் கண்ணாடி வெளிச்சத்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுமே, அதுபோல அலை வேறு திசைக்குப் போய்விடும், செயற்கைக்கோளுக்குத் திரும்பி வராது, படத்தில் தண்ணீர் கறுப்பாக விழும். தரை, செடி, வீடு எல்லாம் அலையைச் சிதறடிப்பதால் வெளுப்பாகத் தெரியும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளங்கள் உடைந்தபோது, மேலிருந்து வெள்ளம் எங்கே நிற்கிறது என்று பார்க்க ரேடார் மாதிரி கைகொடுப்பது வேறு இல்லை. அந்த மாதிரி நாட்களில் சென்டினல்-2 படத்தைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் ரேடாரே போதுமே என்று கேட்கலாம். போதாது, காரணம் நம் கண்மாய்களின் லட்சணம். காற்றடித்துத் தண்ணீர் அலையலையாக இருந்தால் கண்ணாடி உடைந்துவிடும், தண்ணீர் தரை மாதிரி வெளுக்கும். அலை அதிரும் திசை அனுப்பும்போதும் வாங்கும்போதும் ஒன்றாக இருக்கும் வி.வி. படத்தில் இது அதிகம், அது மாறியிருக்கும் வி.எச். படத்தில் குறைவு, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அடுத்தது சீமைக்கருவேலம். தண்ணீருக்குள் நிற்கும் மரத்தில் அலை முதலில் தண்ணீரில் பட்டு, அங்கிருந்து அடிமரத்தில் பட்டு, நேராகத் திரும்பி வந்துவிடும், அதனால் அந்த இடம் கறுப்பாகாமல் இன்னும் பிரகாசமாகும். உள்வாயில் பாதி கருவேலம் என்றால் அந்தப் பாதியில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் ரேடார் கணக்கில் தண்ணீர் இல்லை. சென்டினல்-2க்கும் இதே பிரச்சினைதான், அது மேலே உள்ள இலையைத்தான் பார்க்கும். ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் இரண்டுமே கைவிரித்துவிடும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய ஆயக்கட்டு வயல் வேறு, இரண்டிலும் கண்மாய் போலவே கறுக்கும், அதனால் கண்மாயின் எல்லையை முதலிலேயே வரைந்து வைத்துக்கொண்டு அதற்குள் மட்டும் எண்ண வேண்டும்.

கருவேலத்துக்கு அடியில் பார்க்க நீளமான அலை வேண்டும். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோளில் எல்-பேண்ட் ரேடாரின் அலைநீளம் 24 சென்டிமீட்டர், இலைக்கும் சிறு கிளைக்கும் அது நிற்காது. 12 நாள் சுழற்சி, தரவை இலவசமாகத் தருவதே திட்டம். கருவேலக் கண்மாய்க்காரர்கள் கண் வைக்க வேண்டியது இதில்தான், ஆனால் இப்போதைக்கு நீண்ட கால வரிசை என்று சொல்ல அதில் ஒன்றும் சேரவில்லை.

ரேடார் படத்தில் உப்பு மிளகு தூவியது மாதிரி புள்ளிகள் இருக்கும், அது கோளாறு இல்லை, அதன் சுபாவம். வடிகட்டி போட்டால் கூர்மை குறையும். 10 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் உண்மையில் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வதே நியாயம். 40 ஹெக்டேருக்குப் பரவாயில்லை, நாலு ஏக்கர் ஊருணிக்கு இதை நம்பாதீர்கள்.

நம்முடைய செயற்கைக்கோள்கள்

1988 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ்.-1ஏ போனதிலிருந்து இந்தியாவுக்குச் சொந்த வரிசை இருக்கிறது. இப்போது நமக்குப் பயன்படுவது ரிசோர்ஸ்சாட்-2 (2011), 2ஏ (2016) இரண்டும். லிஸ்-3 ஒரு செயற்கைக்கோளுக்கு 24 நாள் சுழற்சி, லிஸ்-4 படம் 5.8 மீட்டர். 2023 விண்வெளிக் கொள்கை, 5 மீட்டரும் அதைவிடப் பருமனுமான அரசுத் தரவை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் பதிவு செய்துகொண்டு எடுக்கலாம். 2009இல் வந்த பூவன் தளத்தில் நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் தயாராகவே கிடைக்கும், எந்த மென்பொருளும் வேண்டாம்.

லிஸ்-4 படத்தில் கண்மாய்க் கரையும் வரத்துக்காலும் சென்டினல்-2ஐ விடத் தெளிவாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என்று மூன்று பேண்டுதான், குற்றலை கிடையாது, செந்தண்ணீர் மாதத்தில் மேலே சொன்ன பிரச்சினை அப்படியே வந்து நிற்கும். ஒரே இடத்தின் படம் அடிக்கடி கிடைப்பதும் இல்லை. வருடத்துக்கு ஒரு படம், பிப்ரவரி, மார்ச் வாக்கில் மேகமில்லாமல் எடுத்தது கிடைத்தால், எல்லை வரைய அருமையான அடிப்படை. மாதாமாதக் கண்காணிப்புக்கு இது ஒத்துவராது.

காடு பற்றிக் கேட்பவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தரும் அறிக்கை லிஸ்-3ஐ வைத்துத்தான். ஒரு ஹெக்டேருக்குக் குறையாமல், விதானம், அதாவது மரங்களின் இலைக் கூரை, பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது காட்டுப்பரப்பு, தோப்பானாலும் தோட்டமானாலும் யாருடைய நிலமானாலும். அதனால் உங்கள் மாவட்டத்தில் காடு கூடியதாக அறிக்கை சொன்னால், கூடியது சோலையா தென்னையா கருவேலமா என்று படத்தைத் திறந்து பார்க்காமல் சந்தோஷப்பட வேண்டாம்.

ஆக்கிரமிப்பு என்று வந்தால்

பெரும்பாலான குழுக்களின் நிஜமான கேள்வி இதுதான், ஏமாற்றமும் இங்கேதான். வயல்காரர் வருடத்துக்குப் பத்தடி உள்ளே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தடி என்றால் மூன்று மீட்டர். சென்டினல்-2 பிக்சல் பத்து மீட்டர், அதன் இட அமைவிலேயே சில மீட்டர் முன்பின் இருக்கும். மூன்று நாலு வருடம் சேர்ந்தால்தான் ஒரு பிக்சல் நகரும். கூகுள் எர்த்தில் பழைய தேதிப் படங்களை நகர்த்திப் பார்க்கலாம், மரம் தனித்தனியாகத் தெரியும், ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும், அதனால் எல்லோரும் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பேன். ஆனால் ஒரு வருடப் படத்துக்கும் அடுத்த வருடப் படத்துக்கும் இடையே கரையே சில மீட்டர் தள்ளி நிற்பதைப் பார்க்கலாம், அது யாரும் கரையை நகர்த்தியதால் அல்ல, படம் பொருத்தியதில் வந்த பிசகு. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் வேறு வேறு தேதியில் எடுத்ததாகவும் இருக்கும். கீழே எழுதியிருக்கும் தேதியைப் பார்க்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மனுவில் ஒட்டாதீர்கள்.

கூர்மை இல்லாத சென்டினல்-2 இதில் வேறு விதமாக உதவும். கண்மாய் உள்வாயில் ஒரு கட்டம் பச்சையாக இருக்கிறது, அது கருவேலமா பயிரா? ஒரு படத்தில் சொல்வது கஷ்டம். வருடம் முழுக்க எடுத்து என்.டி.வி.ஐ. என்ற பசுமை எண்ணைக் கோடாகப் போட்டால், நெல் என்றால் நவம்பரில் தாழ்ந்து தண்ணீராகக் கிடந்து, ஜனவரியில் உச்சிக்குப் போய், அறுப்பு முடிந்ததும் சடாரென்று விழும். கருவேலம் மே மாத வெயிலிலும் பச்சை குறையாமல் நிற்கும். மூன்று வருடம் தொடர்ந்து ஜனவரியில் ஏறி மார்ச்சில் விழும் இடம் கண்மாய் எல்லைக்குள் இருக்கிறதென்றால் அங்கே யாரோ வெள்ளாமை செய்கிறார்கள். எத்தனை அடி என்று அது சொல்லாது, எந்த வருடம் தொடங்கியது என்று நன்றாகவே சொல்லும். விலைக்கு வாங்கும் ஒற்றைப் படத்தால் இதைச் செய்ய முடியாது.

அடிக் கணக்கு வேண்டுமென்றால் சர்வே எண்ணுக்குத்தான் போக வேண்டும். வருவாய்த் துறையின் ஏ ரெஜிஸ்டர் என்ற நிலப் பதிவேட்டில் கண்மாய்ப் புறம்போக்கு எவ்வளவு என்று இருக்கும், எஃப்.எம்.பி. என்ற புல அளவை வரைபடத்தில் கல்லுக்குக் கல் அளவு இருக்கும், அட்சரேகை தீர்க்கரேகை இருக்காது. அதைப் படத்தின் மேல் பொருத்த வேண்டுமென்றால் எல்லைக் கற்களில் சிலதாவது களத்தில் கிடைக்க வேண்டும், அவற்றைத் துல்லியமான ஜி.பி.எஸ். வைத்து எடுக்க வேண்டும், போன் ஜி.பி.எஸ். நாலைந்து மீட்டர் தள்ளும் என்பதால் அது இதற்கு ஆகாது. தமிழ்நாட்டில் ஏரி ஆக்கிரமிப்பு அகற்ற 2007இல் தனிச் சட்டமே இருக்கிறது, அதன் நடைமுறையும் எல்லையை அளப்பதில்தான் தொடங்குகிறது. எந்தச் செயற்கைக்கோள் படமும் சர்வேயரின் சங்கிலிக்கு மாற்றாகாது, ஆனால் "இந்த ஓரத்தை அளங்க" என்று கைகாட்ட அது போதும்.

ட்ரோன் இந்தக் கட்டத்தில்தான் அர்த்தமுள்ளது. கோடையில் கண்மாய் காய்ந்திருக்கும்போது ஒருமுறை பறக்கவிட்டால், சென்டிமீட்டர் கணக்கில் படமும், தரையின் மேடு பள்ளமும் சேர்ந்து கிடைக்கும். அந்த மேடு பள்ளம் இல்லாமல் கொள்ளளவு கணக்கே போட முடியாது, ஏனென்றால் மேலே சொன்ன எல்லாச் செயற்கைக்கோளும் பரப்பைத்தான் தருகின்றன, ஆழத்தை இல்லை. இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். உயர வரைபடம் 2000 பிப்ரவரியில் எடுத்தது, அதன் பிழையே பல மீட்டர், நம் கண்மாயின் மொத்த ஆழமே அவ்வளவுதான். கருவேலம் அடர்ந்த இடத்தில் ட்ரோனும் மரத்தின் தலையைத்தான் அளக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டவை பதிவு செய்யப்பட வேண்டும், வரைபடத்தில் பறக்க முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலமா என்றும் பார்க்க வேண்டும். சொந்தமாக வாங்காமல், இதைத் தொழிலாகச் செய்கிறவரை ஒரு நாளுக்கு அழைப்பதே மேல்.

பணம் கொடுத்து வாங்கும் அதிகத் துல்லியப் படங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். விற்பவர்கள் ஒரு குறைந்தபட்சப் பரப்பு வைத்திருப்பார்கள், நம் கண்மாயோ 0.4 சதுர கிலோமீட்டர், மிச்சத்துக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும். பிளானட் தினசரிப் படம் ஆசையைக் கிளப்பும், மழைக்கால மேகம் அதையும் மறைக்கும். நிலத்தடி நீரையும் செயற்கைக்கோள் அளக்கிறதாமே என்று கேட்பவர்களுக்கு, அளக்கிறதுதான், கிரேஸ் என்று பெயர், ஆனால் அதன் ஒரு கட்டத்துக்குள் பல மாவட்டங்கள் அடங்கிவிடும். உங்கள் ஊர்க் கிணற்றில் கயிறு விட்டு அளப்பதே சரி.

எங்கே தொடங்குவது

என் தேர்வு இது. சென்டினல்-2 அடிப்படை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்டினல்-1ஐச் சேர்த்துக்கொள்வது. பழைய கதைக்கு லேண்ட்சாட், அதையும் ஒவ்வொரு படமாக இறக்க வேண்டாம், ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 1984 முதலான லேண்ட்சாட் படங்களை வைத்து எங்கே எத்தனை முறை தண்ணீர் நின்றது என்று உலகம் முழுக்கத் தயாரித்த வரைபடம் இலவசமாக இருக்கிறது, உங்கள் கண்மாயை அதில் பெரிதாக்கிப் பார்த்தாலே கலுங்கு சண்டைக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். இலங்கையில் வன்னிப் பக்கம் குளங்களைப் பார்ப்பவர்களுக்கும் இதே தேர்வுதான் பொருந்தும், அங்கேயும் மழை இதே மாதங்களில்தான்.

மே மாதத்தில் தொடங்குகிறீர்கள் என்றால் நல்ல நேரம். கூகுள் எர்த்தில் எல்லையை வரையுங்கள், முடிந்தால் லிஸ்-4 படத்தோடு ஒத்துப்பாருங்கள், கருவேலம் எவ்வளவு என்று சென்டினல்-2இல் அளந்து தனியாகக் குறித்து வையுங்கள், ஏனென்றால் அந்தப் பரப்பில் டிசம்பரில் வரும் தண்ணீர்க் கணக்கு நம்பத்தக்கது அல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கோடிங் தெரியாவிட்டால் சென்டினல் படங்களைத் தரும் கோப்பர்நிகஸ் தளத்திலேயே படத்தையும் நீர்க் குறியீட்டையும் பார்க்கலாம், பரப்பை அளக்க க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். கோடிங் தெரிந்த பையனோ பெண்ணோ ஒருவர் கிடைத்தால் எர்த் எஞ்சின், வணிக நோக்கமில்லாத வேலைக்குக் காசில்லை.

அக்டோபரில்தான் தொடங்க முடிகிறது என்றால் எல்லையை மட்டும் அவசரமாக வரைந்துகொண்டு நேராக ரேடாருக்குப் போய்விடுங்கள், மற்றதெல்லாம் பொங்கலுக்குப் பிறகு. செயற்கைக்கோள் கடக்கும் தேதிகள் முன்பே தெரியும் என்பதால், அந்த நாளில் ஒருவர் கரையில் நடந்து, மடைப் பக்கம் தண்ணீர் எதுவரை நிற்கிறது, காற்று அடித்ததா, தாமரை மூடியிருந்ததா என்று நாலு வரி எழுதி, நாலு போட்டோ எடுத்து வைத்தால் போதும். பிப்ரவரியில் உட்கார்ந்து படத்தில் எது கறுப்பு, எது வெளுப்பு என்று பிரிக்கும்போது எந்த எண்ணில் கோடு போடுவது என்பதை அந்த நாலு வரிதான் தீர்மானிக்கும்.